கழிவுநீர்க் கசடும் அதனை இறைக்கும் முறையும்

சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமொன்றைப் பார்வையிடச் செல்லும் அங்கத்தினர்களுக்கு, கடைசித் தொட்டியிலிருந்து தெளிந்து வெளிவரும் நீரையே பெருமையுடன் காட்டுவது வழக்கம். அந்நீரிலிருந்து பிரித்தெடுத்த அழுக்கு எங்கே சென்றது என்று வினவுவோர் மிகச் சிலர். அழுக்கு மறைந்துவிடுவதில்லை. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்துப் படியவைத்த சாயம், கழிவைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள், பஞ்சுத் துகள், மண் ஆகிய யாவும் ஒன்றுகூடித் தொட்டியின் அடியிற் கசடாகத் தங்குகின்றன. இக்கசடை நாள்தோறும் எடுத்து, குழாய் வழியே செலுத்தி, கெட்டிப்படுத்தி, உலர்த்தி அப்புறப்படுத்தினாலன்றி, மேலே தெளிந்து நின்ற நீர் சில நாட்களுக்குள் மீண்டும் கலங்கிவிடும். ஆகவே நீரைத் தெளிவிப்பது எவ்வளவு அவசியமோ, அடியில் தங்கியதை நகர்த்துவதும் அவ்வளவு அவசியம். இந்த இரண்டாவது வேலையில்தான் பல நிலையங்கள் தடுமாறுகின்றன. கசடைக் கெட்டியான தண்ணீர் என்று கருதி, தண்ணீருக்கு உரிய பம்பையும் குழாயையும் அதற்கு அமைத்துவிடுவதே தடுமாற்றத்திற்கு முக்கிய காரணம்.

இவ்விஷயம் நெசவாளருக்கும் விவசாயிக்கும் ஒருங்கே உரியது என்பதற்கு நொய்யல் ஆற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையிலே தோன்றிக் காவிரியிற் கலக்கும் அச்சிற்றாற்றின் குறுக்கே, பாசனத்திற்கென 1992ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அவ்வணையிலே தேங்கியதால், பாசனம் பெற வேண்டிய விவசாயிகளே அந்நீர் வேண்டாம் என்று கூறும் நிலை ஏற்பட்டது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் நீதிமன்றம் சென்றனர். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் தேதி, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தும்வரை சாய, சலவைப் பட்டறைகளையும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உத்தரவிட்டது. பல்லாயிரம் குடும்பங்களின் வேலை அன்று நின்றது. ஆற்றையும் நிலத்தையும் கெடுத்ததிற் பெரும்பங்கு சாய நீரிலிருந்த உப்பினுடையது என்பது உண்மையே. ஆயினும் உப்பைப் பிரிப்பதற்கு இன்று பயன்படும் நுண்சவ்வுகளுக்கு முதற்பகை கசடுதான். படிவுத் தொட்டியிலிருந்து கசடு பொங்கி நீருடன் சென்றால் சவ்வு அடைபட்டு, அதற்குப் பின்னுள்ள வேலை அனைத்தும் நின்றுவிடும்.

கசடு என்பது பெரும்பாலும் தண்ணீரே என்று கூறினால் அங்கத்தினர் சிலர் வியப்படையலாம். படிவுத் தொட்டியின் அடியிலிருந்து எடுக்கும் நுண்ணுயிர்க் கசடில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்குதான் திடப்பொருள். மீதி 99 பங்கும் நீர். ஒரு டன் உலர்ந்த பொருள் அதில் இருக்கிறதென்றால், தூக்கிச் செல்ல வேண்டிய கசடின் அளவு ஒரு லட்சம் லிட்டர். அதையே 2 சதவீதமாகக் கெட்டிப்படுத்தினால் 50,000 லிட்டராகவும், 5 சதவீதமானால் 20,000 லிட்டராகவும் குறையும். பில்டர் பிரஸ்ஸில் அழுத்தி 25 சதவீதமாக்கினால் ஏறத்தாழ 4,000 லிட்டர்தான். திடப்பொருளில் ஒரு கிலோவும் குறையவில்லை. நீர் மட்டும் பிரிந்திருக்கிறது. எனவே முடிந்தவரை கெட்டிப்படுத்திவிட வேண்டும் என்ற ஆசை நிர்வாகிகளுக்கு எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு எல்லை வகுப்பது குழாய்.

நீரின் ஓட்டத்தை நாம் அறிவோம். வாய்க்காலைச் சிறிது சரித்தாலும் அது ஓடும். தேனும் விளக்கெண்ணெயும் மெதுவாக ஓடினாலும், அவையும் தாமாகவே ஓடி மட்டம் அடைபவைதாம். உறைந்த தயிரை எடுத்துக்கொள்வோம். கலயத்தைச் சிறிது சாய்த்தால் தயிர் அசைவதில்லை. இன்னும் சாய்த்து ஓர் எல்லையைக் கடந்தபின் ஒரே கட்டியாக நழுவி விழுகிறது. அமெரிக்காவிற் பெனிசில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த யூஜீன் பிங்காம் என்னும் ரசாயன ஆசிரியர், களிமண் குழம்பைக் குழாயிற் செலுத்திப் பார்த்து இத்தன்மையை 1916ஆம் ஆண்டில் விளக்கினார். 1919ஆம் ஆண்டில் சுவருக்குப் பூசும் பெயிண்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்று காட்டினார். சுவரிற் பூசிய பெயிண்ட் வழிந்து தரையில் இறங்காமல் நிற்பது இதனாலேயே. இத்தகைய பொருள் அசையத் தொடங்குவதற்கே ஒரு குறைந்தபட்ச விசை வேண்டும். அதனை இங்கே தொடக்கத் தடை என்று குறிப்பிடுவோம். கெட்டியான கசடும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

திடப்பொருள் 2 சதவீதத்திற்குக் குறைவாக இருக்கும்வரை, கசடை ஏறக்குறைய நீரைப்போலவே கருதலாம். அதற்குமேல் தொடக்கத் தடை விரைந்து வளர்கிறது. திடப்பொருள் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும் என்று எண்ணுவது தவறு. அது பன்மடங்காகப் பெருகும். 3 சதவீதத்தில் சுலபமாக ஓடிய கசடு 6 சதவீதத்தில் அசைய மறுப்பதன் மர்மம் இதுவே.

இத்தடை என்ன பொருள்படும் என்பதை ஒரு கணக்கினாற் காணலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஒரு கிலோ எடையைப் பரப்பி வைத்தாற்போன்ற சிறு விசையே ஒரு கசடின் தொடக்கத் தடை என்று கொள்வோம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய் 300 மீட்டர் நீளத்திற்குப் போடப்பட்டிருந்தால், அதன் உட்சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 141 சதுர மீட்டர். ஆகவே கசடைப் பெயர்க்க 141 கிலோ விசை வேண்டும். அதைக் குழாயின் வாயாகிய 177 சதுர சென்டிமீட்டரில் செலுத்தியாக வேண்டும். கணக்கிட்டால், 8 மீட்டர் உயரத்திற்கு நீரை ஏற்றும் அழுத்தம் ஆகிறது. இவ்வளவும் செலவான பின்னரே முதற்சொட்டு நகரும். குழாய் 10 சென்டிமீட்டராக இருந்தால் 12 மீட்டரும், 7.5 சென்டிமீட்டராக இருந்தால் 16 மீட்டரும் வேண்டும். கசடு சிறிது கெட்டியாகித் தடை இரட்டித்தால் இவை யாவும் இரட்டிக்கும். குழாயின் விலையில் மிச்சம் பிடிக்க எண்ணிச் சிறு குழாய் போட்ட இடங்களிலே, அந்த மிச்சத்தை மின்சாரக் கட்டணமாக ஆண்டுதோறும் திரும்பச் செலுத்த நேர்கிறது. கசடுக் குழாய்க்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாத குறுக்களவு வேண்டும் என்ற பொறியியல் மரபு காரணமின்றி ஏற்பட்டதன்று.

கிணற்றுப் பம்புசெட் வைத்துள்ள விவசாயிகளுக்கு இன்னொரு வேற்றுமையைக் கூறவேண்டும். நீர் செல்லும் குழாயில், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் உராய்வு நான்கில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கிவிடும். பம்பு திணறும்போது வால்வைச் சிறிது மூடிச் சமாளிப்பது இதனால்தான். கெட்டிக் கசடில் இவ்வுபாயம் பலிப்பதில்லை. மெதுவாக ஓடினாலும் விரைவாக ஓடினாலும் தொடக்கத் தடை கழிவதில்லை. ஓட்டத்தைக் குறைத்தும் அழுத்தம் அதிகம் குறையாது. பாதி மூடிய வால்வின் இடுக்கிலே பஞ்சும் நூலும் சிக்கி அடைப்பு ஏற்படுவது மேலும் ஒரு தொல்லை.

கசடுக்கு மற்றொரு குணம் உண்டு. அதனை நெசவாளர்கள் தம் தொழிலிலேயே கண்டிருப்பர். பாவுக்குப் போடுவதற்காகக் காய்ச்சிய கஞ்சியை ஆறவிட்டால் கட்டியாகிறது, கலக்கினால் இளகுகிறது, மீண்டும் வைத்தால் மீண்டும் கட்டியாகிறது. கசடும் அவ்வாறே அசையும்போது இளகி, நிற்கும்போது இறுகும். நாள் முழுவதும் தடையின்றி ஓடிய குழாயில், மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோய் மறுபடி வந்ததும் கசடு அசையாமற்போவது இக்குணத்தினாலேயே. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது காணும் அழுத்தத்தை மட்டும் கணக்கிட்டு மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால், இத்தகைய நாளிலே அது ஏமாற்றிவிடும். நின்று எழும் நேரத்திற்கு உரிய விசையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நெடுநேரம் நிறுத்த நேர்ந்தால், குழாயைச் சுத்திகரித்த நீரினால் கழுவி, நீர் நிரப்பி நிறுத்துவதே உத்தமம்.

ஓட்டத்தின் வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலே, பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன மான்செஸ்டர் நகருக்குச் சிறப்பான இடம் உண்டு. அங்கே ஆசிரியராயிருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1883ஆம் ஆண்டில், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரின் நடுவே நூலிழைபோலச் சாயத்தை விட்டுப் பார்த்தார். வேகம் குறைவாக இருந்தபோது சாய இழை நேராகச் சென்றது. வேகம் ஓர் அளவைக் கடந்ததும் இழை குலைந்து, சாயம் குழாய் முழுவதும் கலந்தது. முன்னது அடுக்கோட்டம், பின்னது சுழலோட்டம். அதே நகரைச் சார்ந்த டேவிஹூல்ம் கழிவுநீர் நிலையத்தில், ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் 1914ஆம் ஆண்டில் வேறொன்றைக் கண்டனர். படிந்த கசடை எறிந்துவிடாமல் தொட்டியிலேயே வைத்துப் புதுக் கழிவுநீரைச் சேர்த்துக் காற்றூட்டிவந்தால், முதலில் வாரக்கணக்கில் ஆன சுத்திகரிப்பு ஒரே நாளில் முடிகிறது என்பதே அது. இன்று உலகெங்கும் வழங்கும் நுண்ணுயிர்க் கசடு முறை அதிலிருந்து பிறந்தது. அன்று முதல் கசடை ஓயாமல் திருப்பி இறைப்பது சுத்திகரிப்பின் ஓர் அங்கமாயிற்று.

ரெனால்ட்ஸின் கண்டுபிடிப்பு நமக்கு எவ்வாறு பயன்படும்? கெட்டிக் கசடு சாதாரண வேகத்தில் அடுக்கோட்டமாகவே செல்லும். அதில் மணலோ சுண்ணாம்புத் துகளோ கலந்திருந்தால், அவற்றைக் கிளறித் தூக்கிச் செல்லும் சுழல் இல்லாமையால் அவை மெல்ல அடியில் இறங்கிக் குழாயைக் குறுக்கிவிடும். வேகத்தை அளவுக்கு மீறி உயர்த்தினாலோ உராய்வும் தேய்மானமும் மிகும். வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரையுள்ள வேகமே பொதுவாக ஏற்றதெனக் கொள்ளப்படுகிறது. சுண்ணாம்பு சேர்த்த கசடு குழாயின் உட்புறத்தில் கல்போலப் படியும் இயல்புடையது. ஆகையால் வளைவுகளை நீண்ட வளைவாக அமைத்து, திருப்பங்களிலே திறந்து சுத்தம் செய்வதற்கு மூடியுள்ள வாய்களை வைப்பது அவசியம்.

இனி உறிஞ்சும் பக்கத்திற்கு வருவோம். தொல்லைகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன. கிணற்றில் ஆழம் மிகுந்தால் மேலுள்ள பம்பு நீரை இழுப்பதில்லை. வளிமண்டலத்தின் அழுத்தம் கொள்கையளவில் 10 மீட்டருக்குச் சற்று மேல்வரைதான் நீரை உயர்த்தவல்லது என்பதே காரணம். கெட்டிக் கசடிலே அந்தச் சிறிய அழுத்தத்தையும் தொடக்கத் தடை தின்றுவிடும். ஆகவே கசடுப் பம்பை, தொட்டியின் மட்டத்திற்குக் கீழே, கசடு தானாகவே இறங்கிப் பம்பின் வாயை நிறைக்கும்படி வைக்க வேண்டும். உறிஞ்சு குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். சாண எரிவாயுக் கலன் அமைத்துள்ள விவசாயிகள் இதனை அறிவர். சாணத்திற்குச் சமமாக நீர் விட்டுக் கரைத்த குழம்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு திடப்பொருள் உண்டு. அகன்ற குட்டைக் குழாயாதலின் அது தானே இறங்குகிறது. அதனையே சிறிய குழாயில் இறக்க முயன்றால் நடுவழியில் நின்றுவிடும்.

வேகமாக உறிஞ்சினால் வேறொரு கேடு விளையும். தொட்டியின் அடியிலுள்ள கெட்டிக் கசடு நகர்ந்து வருமுன், மேலுள்ள நீர் அதனைத் துளைத்துக்கொண்டு நேரே பம்பிற்கு வந்துவிடும். பம்பு ஓடுகிறது, குழாயிலும் ஏதோ வருகிறது என்று தொழிலாளி திருப்தியடைவார். வருவது நீர்; கசடோ இருந்த இடத்திலேயே இருக்கும். சில நாட்களில் அது அழுகி, வாயுக் குமிழிகளைச் சுமந்து, கட்டிகட்டியாக மேலே மிதந்து, தெளிந்த நீருடன் வழிந்து செல்லும். காலையில் ஒருமுறை முழுவேகத்தில் இறைத்துவிட்டு மறுநாள்வரை விட்டுவிடும் பழக்கம் இதற்குத் துணைபோகிறது. சிறிது சிறிதாகப் பலமுறை இறைப்பதே முறை. இறைத்ததில் எத்தனை சதவீதம் திடப்பொருள் என்பதை நாள்தோறும் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், வருவது கசடா நீரா என்பது தெளிவாகும். இச்சோதனைக்கு வேண்டியவை ஒரு தராசும் ஓர் உலர்த்தும் அடுப்புமே.

பம்பின் வகைகளிலே நாம் நன்கறிந்தது, இம்பெல்லர் சுழன்று நீரை வீசும் மையவிலக்குப் பம்பு. காற்றூட்டும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் மெல்லிய கசடுக்கு இது போதுமானது. கசடு கெட்டியாக ஆக இதன் திறன் சரிகிறது. பஞ்சும் நூலும் இம்பெல்லரிற் கயிறுபோல முறுக்கிக்கொள்கின்றன. இம்பெல்லரை ஒதுக்கி வைத்துச் சுழலினால் மட்டும் தள்ளும் வகை அடைபடுவது குறைவு; ஆனால் மின்சாரம் அதிகம் கேட்கும். உயரம் குறைவாகவும் அளவு மிகுதியாகவும் உள்ள இடத்தில், சாய்ந்த தொட்டியிலே பெரிய திருகு சுழன்று கசடை மெல்லத் தூக்கும் ஆர்க்கிமிடீஸ் திருகு மிக நன்று.

கெட்டிக் கசடுக்கு வேறு இனம் வேண்டும். 1930ஆம் ஆண்டளவில், முன்பு விமானியாயிருந்த ரெனே முவானோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ரப்பர் உறையினுள்ளே உலோகத் திருகு ஒன்று சுழலும்படி ஒரு பம்பை அமைத்தார். திருகிற்கும் உறைக்கும் இடையேயுள்ள அறைகள், உள்ளே வந்ததை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அப்படியே நகர்த்துகின்றன. எதிரழுத்தம் கூடினாலும் வெளிவரும் அளவு பெரிதும் குறைவதில்லை. எத்தனை சுற்றோ அத்தனை அளவு. கெட்டிக் கசடை பில்டர் பிரஸ்ஸிற்கு ஊட்டுவதற்கு இன்று இதுவே பெரிதும் பயன்படுகிறது. இதற்கு இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று மணல், அது ரப்பர் உறையை அரித்துவிடும். மற்றொன்று வறட்சி, கசடின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே உறை சூடேறிக் கெட்டுவிடும். முழுக்கத் தள்ளும் இவ்வினப் பம்பு எதனையும், வெளிவழி வால்வு மூடியிருக்கும்போது இயக்கலாகாது என்பதையும் தொழிலாளிக்கு அறிவுறுத்த வேண்டும். மையவிலக்குப் பம்பு அந்நிலையில் வெறுமனே சுழலும். இதுவோ குழாயை வெடிக்கச் செய்யும். அழுத்தம் மிகுந்தால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு இன்றி இதனைப் பொருத்துவது குற்றம் என்றே சொல்வேன்.

இருபுறமும் வால்வு மூடிய குழாயிலே கசடைத் தேக்கி வைப்பதும் ஆபத்தே. கசடினுள் நுண்ணுயிர்கள் உயிருடன் உள்ளன. அவை உண்டாக்கும் வாயு வெளியேற வழியின்றிக் குழாயினுள் அழுத்தமாகச் சேரும். தேங்கிய கசடுக் குழியிலோ ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு கசடிலே அடங்கிக் கிடந்து, கிளறியவுடன் ஒருங்கே எழும்பும். அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம் என்பர். ஆனால் அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் திரும்புவதில்லை, அவரைத் தூக்க இறங்கியவரும் திரும்புவதில்லை. பம்பு அடைபட்டது, ஓர் ஆளை இறக்கிக் கையால் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் எழும் இடம் இதுவே. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது. கசடுக் குழியிலுள்ள வாயு அவற்றிலுள்ளதற்குச் சற்றும் இளைத்ததன்று. தக்க பம்பிற்குச் செலவிடும் தொகையை இக்கண்கொண்டும் பார்க்க வேண்டும்.

உலர்ந்த கசடைப் பற்றி விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்க் கழிவுநீரின் கசடு, செரிக்கவைத்துச் சோதித்தபின் எருவாகப் பயன்படுவதுண்டு. சாயக் கழிவுநீரின் ரசாயனக் கசடு அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் அது பட்டியலிடப்பட்டிருக்கிறது. வண்டியேற்றி இலவசமாகத் தருகிறோம் என்று எவர் கூறினாலும் அதனை வயலில் இறக்க ஒப்புக்கொள்ளக்கூடாது. கசியாத தளத்தில் மழை படாமல் சேமித்து, அனுமதி பெற்ற இடத்திற்கே அதனை அனுப்ப வேண்டும்.

பம்பு வாங்கும் பிரச்சினை பொதுக்குழுவின் முன் வரும்போது, நம்மவர் விலைப்புள்ளிகளிற் குறைந்தது எது என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் பாராட்டத்தக்கதன்று. விற்பவர் காட்டும் அட்டவணை எதற்கு வரையப்பட்டது, நீருக்கா கசடுக்கா என்று முதலிற் கேட்க வேண்டும். கசடுக்கு என்றால் எத்தனை சதவீதத்திற்கு என்று கேட்க வேண்டும். ஓர் இரவு நின்ற குழாயை மறுநாட்காலை பெயர்க்கும் விசை அதில் அடங்கியுள்ளதா, தேயும் உதிரி உறுப்பின் விலை என்ன, அது எத்தனை நாளில் கிடைக்கும் என்பனவும் எழுத்தில் வேண்டும். பம்பு வந்தபின், அதன் வெளிவழியில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி, தினமும் ஒரே நேரத்தில் அதன் அளவைக் குறித்துவரச் செய்யலாம். கசடின் சதவீதம் மாறாதிருக்க அழுத்தம் மட்டும் வாரந்தோறும் ஏறிவந்தால் குழாயினுள்ளே படிவு வளர்கிறது என்பது அதன் பொருள். முற்றிலும் அடைபடுமுன் கழுவிவிட இன்னும் நாள் இருக்கிறது.